பெயரும் பொருளும்

யப்பானியக் கதைகளிலே பெயர் வெறும் அடையாளமன்று. சில வேளைகளிற் கதையின் உயிரே அதுதான். மியாசாக்கி 2001ஆம் ஆண்டில் ஆக்கிய 'ஸ்பிரிட்டட் அவே' என்னும் சித்திரத் திரைப்படத்தை நோக்குவோம்.

நாயகியாகிய சிறுமியின் பெயர் சிஹிரோ. 'சி' ஆயிரம்; 'ஹிரோ' இரு கைகளையும் விரித்தளக்கும் பாகம். ஆயிரம் பாக ஆழம் என்பது பொருள். நீராடு மாளிகையின் தலைவி யுபாபா. அப்பெயர் வெந்நீர்க் கிழவி எனப் பொருள்படும். சிறுமியை வேலைக்கமர்த்துங்கால், அவள் பெயரில் ஓரெழுத்தை மட்டும் விட்டு ஏனையவற்றைப் பறித்துக்கொள்கிறாள். அவ்வெழுத்துத் தனித்து நிற்கையிற் 'சென்' என ஒலிக்கும்; பொருள் வெறும் ஆயிரம். ஆழம் போயிற்று, எண்ணே எஞ்சிற்று!

பெயரை மறந்தவர் வீடு திரும்பார் என எச்சரிக்கும் ஹாக்குவும் தன் பெயரை இழந்தவனே. அவன் கொஹாக்கு ஆறு என்பதைச் சிஹிரோ நினைவூட்டியதும் அவன் விடுதலை பெறுகிறான்.

மாணவர்களே, உங்கள் பெயரின் பொருளை அறிவீர்களா? இன்றே பெற்றோரிடம் கேட்டறியுங்கள்.