ஒரு சோறு பதமாகாத பாறை

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. ஒரே வகை அரிசி ஒரே பானையில் வேகும்போது அக்கணிப்புப் பொய்ப்பதில்லை. ஆனால், ஷேல் எனப்படும் களிப்பாறையில் உள்ள எரிவாயுவை மதிப்பிடுவோர்க்கு இவ்வழி கைகொடுப்பதில்லை.

தொல்பழங்காலத்தில் அமைதியான நீரின் அடியில் நுண்ணிய சேறும் உயிரின எச்சங்களும் படிந்து இறுகி உருவானதே களிப்பாறை. நிலத்தடி வெப்பம் அவ்வெச்சங்களை எரிவாயுவாக மாற்றியது. அவ்வாயு பாறையின் நுண்துளைகளில் அடைபட்டும் கரிமப்பொருளின்மேல் ஒட்டியும் இருக்கிறது. துளைகள் ஒன்றோடொன்று நன்கு இணையாமையால், உயரழுத்த நீரால் பாறையைப் பிளந்தே வாயுவை வெளிக்கொணர இயலும்.

சேறு படிந்த காலத்துச் சூழல் மாறிக்கொண்டே இருந்ததால், சில விரற்கடைத் தொலைவிலேயே பாறையின் இயல்பு மாறக்கூடும். ஓர் அடுக்கில் கரிமப்பொருள் மிகுந்திருக்கும், அடுத்ததில் அருகியிருக்கும். சிலிக்கா மிகுந்த அடுக்கு எளிதில் பிளவுறும்; களிக்கனிமம் மிகுந்த அடுக்கோ நெகிழ்ந்து பிளவை மூடிவிடும். ஆகவே, வாயு இருப்பது வேறு. அதனை எடுக்க இயல்வது வேறு.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சிலிக்கா மிகுந்த பார்னெட் களிப்பாறை பெருமளவு வாயுவைத் தந்தது. அவ்வெற்றி பிற நாடுகளிலும் நம்பிக்கையை விதைத்தது. இரசிய எரிவாயுவைப் பெரிதும் சார்ந்திருந்த போலந்து அவற்றுள் ஒன்று. அங்கு எடுக்கத்தக்க வாயு ஏறத்தாழ 5.3 இலட்சம் கோடி கனமீட்டர் என அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2011இல் மதிப்பிட்டது. பழைய ஆழ்துளைகளின் தரவுகளை ஆராய்ந்த போலந்து புவியியல் நிறுவனமோ, 2012இல் 34,600 கோடி முதல் 76,800 கோடி கனமீட்டர் வரையே இருக்கக்கூடும் என்றது. இதன் மேல்வரம்பும் முந்தைய மதிப்பீட்டில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. பின்னர்த் தோண்டிய கிணறுகளிலும் வணிக அளவில் வாயு கிடைக்கவில்லை. பாறையில் களிக்கனிமம் மிகுந்திருந்தது அதற்கு ஒரு காரணம். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின.

ஆழ்துளையிலிருந்து எடுக்கும் பாறை மாதிரி உள்ளங்கை அகலமே உடையது. மதிப்பிட வேண்டிய பரப்போ பல நூறு சதுர கிலோமீட்டர். எனவே பல இடங்களில் துளையிட்டு, அடுக்கடுக்காக மாதிரிகளை ஆய்ந்து, மின்னணு நுண்ணோக்கியால் துளைகளைக் காண்கின்றனர். முடிவையும் ஒற்றை எண்ணாகக் கூறாமல், கீழ்வரம்பும் மேல்வரம்பும் கொண்டதாகவே கூறுகின்றனர். ஒரு நாட்டின் எரிபொருள் திட்டம் அவ்வெண்ணை நம்பி அமைவதால், இவ்விரு வரம்புகளையும் மறைக்காமல் உரைப்பதே நேர்மையான அறிவியலாகும்.