நயம் என்ன விலை?

மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "சரக்கு நயம்" என்கிறோம். பாக்கி வசூலுக்குப் போகும் பையனிடம், "நயமாப் பேசி வாங்கிட்டு வா" என்று சொல்லி அனுப்புகிறோம். பருப்புக்கும் பேச்சுக்கும் ஒரே சொல். படித்தவர்கள் நாகரிகம், பண்பு, நாசூக்கு என்று பலவாறு சொல்வதை நம் கடைத்தெரு இந்த ஒன்றிலேயே அடக்கிவிட்டது.

நயத்தல் என்றால் விரும்புதல். விரும்பத்தக்கது நயம். பழைய அகராதிகளைப் புரட்டினால் இன்பம், அருள், மேன்மை என்று தொடங்கி இலாபம், மலிவு வரை பொருள் நீள்கிறது. 'நயவிலை' என்றால் குறைந்த விலை. இலாப நஷ்டத்துக்கு 'நயநட்டம்' என்று பெயர். வாங்குபவருக்கு மலிவு, விற்பவருக்கு இலாபம், இரண்டுக்கும் ஒரே சொல்! இன்று மலிவு என்ற பொருள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 'நயம் நல்லெண்ணெய்' என்றாலே விலை கூடுதல் என்று வாடிக்கையாளர் புரிந்துகொள்கிறார்.

வள்ளுவர் இனியவை கூறல் அதிகாரத்தில் (குறள் 97), பண்பு நீங்காத சொல் நயத்தைத் தரும் என்கிறார். கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் (580) நயமும் நாகரிகமும் ஒட்டியே வருகின்றன. பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும் மறுக்காமல் உண்பவரைப் பற்றிய குறள் அது. கடை நடத்துகிறவர் அந்த அளவுக்குப் போனால் கடன் நோட்டுதான் மிஞ்சும்.

இச்சொல்லோடு வஞ்சகம் சேர்ந்தால் நயவஞ்சகம். இனிக்கப் பேசி எடையைக் குறைப்பது அந்த வகை. 'நயம்' என்று எழுதிவிட்டு மட்டச் சரக்கைக் கட்டிக் கொடுப்பதும் அதுவே. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, உணவின் தரத்தைப் பற்றித் தவறாக எண்ணவைக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. விளம்பரம் என்றால் பத்திரிகையில் வருவது மட்டுமல்ல. அறிவிப்பு, லேபிள், உறை, பில் எல்லாம் அதில் அடங்கும். நம் அன்பர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

பேச்சில் நயம் உண்மையாகச் சோதிக்கப்படுவது பழைய பாக்கியில்தான். இரண்டு மாதக் கணக்கு நிற்கிறது. கடை நிறையக் கூட்டம் இருக்கையில் அந்த அம்மாள் கால் கிலோ சர்க்கரைக்கு வந்து நிற்கிறார். அப்போது கல்லாவிலிருந்து உரக்கப் பாக்கியைச் சொன்னால், மறுநாளிலிருந்து அவர் எதிர்க்கடைக்குப் போவார். வாடிக்கையும் போயிற்று, பாக்கியும் போயிற்று. கூட்டம் கலைந்தபின், "அக்கா, கணக்கை ஒருதரம் பாத்துடலாமா?" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினால் ஐந்நூறாவது வரும், மீதிக்கு ஒரு தேதியும் கிடைக்கும். அந்தத் தேதியை அவர் எதிரிலேயே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நயத்தாலும் பயத்தாலும் வசூலிப்பது என்று ஒரு வழக்கு உண்டு. பயம் ஒருமுறைதான் பலிக்கும் என்பது நம் கருத்து. அதற்காக ஆறு மாதமாக அசையாத கணக்கைச் சுமந்துகொண்டிருக்கவும் முடியாது. அங்கே புதுச் சரக்கை நிறுத்திவிட வேண்டியதுதான். அதையும் குரலை உயர்த்தாமல் சொல்லலாம்.