மோட்டார்ப் பந்தயமும் விதியும்



குச்சவெளிக் கடற்கரையில், மாலை வேளைகளில், கரையேற்றிய படகுகளின் ஓரமாக அமர்ந்து எம் பாடசாலையின் பழைய மாணவர் சிலர் வாதிடுவதுண்டு. பேச்சு மீன்பாட்டைப் பற்றியதன்று; அமெரிக்க நாட்டு மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றியது. எந்த இயந்திரம் வலியது? விதித்த தண்டனை நீதியானதா? அந்தக் காலப் பந்தயமே சிறந்ததா? இம்மூன்று வினாக்களே மீண்டும் மீண்டும் எழுகின்றன. விளையாட்டுப் பேச்சாகத் தோன்றினும், விதி என்பது எதற்காக என்னும் பெரிய வினா இவற்றுள் அடங்கியிருக்கிறது.

முதலில் தண்டனையை எடுத்துக்கொள்வோம். கடையில் விற்கும் காரை அவ்வண்ணமே ஓட்டிப் போட்டியிடுவது என்பதே இப்பந்தயத்தின் தொடக்கக் கருத்து. 'நாஸ்கார்' என்னும் சங்கம் 1948ஆம் ஆண்டில் அமைந்தது. மறு ஆண்டு யூன் 19ஆம் நாள், சார்லட் நகரில், இத்தகைய கார்களுக்கான அதன் முதற் போட்டி நடைபெற்றது. கிளென் டனவே என்பவர் முதலாவதாக வந்தார். ஆனால் பின்னர் நடந்த சோதனையில், அவர் காரின் பின்புற வில்கள் மாற்றியமைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. கள்ளச் சாராயம் கடத்துவோர் தம் வண்டிகளிற் செய்துகொண்ட மாற்றம் அது. எனவே வெற்றி ஜிம் ரோப்பர் என்பவருக்கு அளிக்கப்பட்டது. காரின் உரிமையாளர் நீதிமன்றம் சென்றார், வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஓட்டியவரின் திறமையை எவரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான நிபந்தனையை ஒருவர் மீறினால், திறமையை அளக்கும் அளவுகோலே பொய்த்துவிடும் அன்றோ?

அடுத்து இயந்திரம். காலப்போக்கில் இக்கார்கள் பந்தயத்திற்கென்றே கட்டப்படலாயின. வேகம் மணிக்கு 200 மைலைத் தாண்டியது. 1987ஆம் ஆண்டில், தல்லடேகா என்னுமிடத்தில், பொபி அலிசன் என்பாரின் காரில் டயர் வெடிக்க, அது மேலெழுந்து பார்வையாளர் பக்கத்து வேலியிற் சென்று மோதியது. பார்வையாளர் சிலர் காயமுற்றனர். அதன் பின்பு, 1988 முதல் தல்லடேகாவிலும் டேட்டோனாவிலும் துளையிட்ட தகடொன்றை இயந்திரத்தின் காற்று வழியிற் பொருத்தினர். ஊதுகுழலின் வாயை விரலாற் பாதி அடைத்தால் அடுப்புத் தீ தணிகிறது. அவ்வாறே, காற்றுக் குறைந்தால் எரியும் பெற்றோலும் குறையும்; வலுவும் தணியும். வேகத்தை விரும்பும் இரசிகர்கள் இத்தகட்டை வெறுத்தனர். வேலியருகே பிள்ளைகளுடன் இருந்து பார்ப்பவர் என்ன சொல்வர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி, பழைய காலம். 2001 பெப்ரவரி 18ஆம் நாள், டேட்டோனாவில், இறுதிச் சுற்றில், புகழ்பெற்ற வீரர் டேல் ஏர்ன்ஹார்ட் சுவரில் மோதி உயிரிழந்தார். தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவி அவ்வாண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில், கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் அதே சங்கத்தின் சிறு பாரவண்டிப் பந்தயங்களில் ஓடி, அப்பிரிவின் இரசிகர்களால் மிக விரும்பப்பட்ட ஓட்டுநராகத் தெரிவுசெய்யப்பட்டார். அவர் கழுத்தைக் காத்தது, முன்னவர் ஒருவரின் மரணம் கற்பித்த பாடமே.

கடற்கரையில் வாதிடும் அக்கூட்டத்தில், ஊன்றுகோலுடன் வரும் இளைஞன் ஒருவனும் உண்டு. திருகோணமலை – புல்மோட்டை வீதியில், தலைக்கவசமின்றி, நண்பனோடு மோட்டார் சைக்கிளிற் போட்டியிட்டவன் அவன். "அந்தக் காலத்தில்தான் வீரம் இருந்தது" என்று மற்றவர்கள் சொல்லும்போது அவன் எதுவும் பேசுவதில்லை; கடலையே பார்த்திருப்பான். நம் வீதியில் நடுவர் இல்லை, காவல் வேலி இல்லை, சோதிப்பவரும் இல்லை. ஆகவே, அங்கு விதியைக் காப்பவர் ஓட்டுபவர் ஒருவரே. இதனை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது பெற்றோரும் ஆசிரியரும் ஆகிய நம் கடன்.