உருட்டுமட்டையின் தரம் அறிதல்

முன்னுரை

கருவியின்றித் தொழில் இல்லை. உழவர்க்குக் கலப்பை, கொல்லர்க்குச் சம்மட்டி, விளையாட்டு வீரர்க்கு மட்டை. ஒரு கருவி நல்லதா, அல்லதா என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? விலையைக் கொண்டா, விற்பவரின் பெயரைக் கொண்டா, கையில் எடுத்தவுடன் தோன்றும் இன்பத்தைக் கொண்டா? இவ்வினாவைக் குழிப்பந்தாட்டத்தில் பயன்படும் உருட்டுமட்டை என்னும் சிறு கருவியின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெல் விளையும் காவிரிப் படுகையில் அமர்ந்துகொண்டு, கோல்ப் எனப்படும் அவ்வாட்டத்தைப் பற்றி எழுதுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். அதற்குக் காரணங்கள் இரண்டு. ராஜகிரி, பண்டாரவாடை முதலிய நம் பகுதி ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் சென்று உழைப்போர் பலர். அந்நாடுகளில் இவ்வாட்டம் நன்கு வேரூன்றியுள்ளது. பாலை நிலமாகிய துபாயிலேயே 1988ஆம் ஆண்டு புல்வெளி ஆடுகளம் ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாவது காரணம் இன்னும் அருகில், சுவாமிமலையில் இருக்கிறது. அங்குள்ள வார்ப்புக் கலைஞர் கையாளும் மெழுகு வார்ப்பு முறையே, இன்று உலகெங்கும் பல உருட்டுமட்டைகளின் தலைப்பகுதியை உருவாக்கும் முறைக்கும் அடிப்படையாகும்.

மெழுகில் தொடங்கும் உலோகம்

கும்பகோணத்திற்கு மேற்கே காவிரிக்கரையில் அமைந்தது சுவாமிமலை. இவ்வூர் வெண்கலச் சிலைகள் 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. இங்குள்ள கலைஞர், தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சி, அக்கலவையால் உருவத்தை முதலில் செய்துகொள்கின்றனர். அளவுகளைக் காண்பதற்குத் தென்னை ஓலையை நறுக்கி மடித்த ‘ஒடியோலை’ பயன்படுகிறது. மெழுகுருவின்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகின்றனர். பின்னர்ப் பருமண் பூசிக் கம்பியால் கட்டுகின்றனர். அச்சைச் சுடும்போது மெழுகு உருகி வெளியேறுகிறது. அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் வார்க்கப்படுகிறது. ஆறிய பின் அச்சை உடைத்தே உருவத்தை எடுக்க வேண்டும். எனவே ஓர் அச்சு ஓர் உருவத்திற்கே உரியது.

தொழிற்சாலையிலும் இதே தத்துவம்தான் செயற்படுகிறது. ஆயின் அங்கு மெழுகைக் கையால் வனைவதில்லை. உலோக அச்சினுள் செலுத்தி, ஒரே அளவுடைய மெழுகுருக்களை வேண்டிய எண்ணிக்கையில் எடுக்கின்றனர். அவற்றை மரத்தின் கிளைகள் போல ஒரு தண்டில் ஒட்டி, வண்டலுக்கு மாறாகப் பீங்கான் குழம்பில் பலமுறை தோய்த்து உலர்த்துகின்றனர். பின்னர் மெழுகை உருக்கி நீக்கி உலோகத்தை வார்க்கின்றனர். வார்க்காமல், ஒரே உலோகக் கட்டியை எந்திரத்தால் கடைந்து செய்யும் மட்டைகளும் உண்டு. எம்முறையிற் செய்தாலும், அதன் தரத்தை வடிவமைப்பு, கையுணர்வு, செயல்திறன் என்னும் மூன்று நிலைகளில் வைத்து நோக்குதல் வேண்டும்.

உருட்டுமட்டையின் பணி

குழிப்பந்தாட்டத்தில் ஒருவர் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பிற மட்டைகள் பந்தை வானில் பறக்கவிடுகின்றன; உருட்டுமட்டையோ குழியைச் சூழ்ந்த மென்புல்லில் பந்தைத் தரையோடு உருட்டுகிறது. ஆங்கிலேயர் இதனைப் ‘பட்டர்’ என்பர். பதினெட்டுக் குழிகளுக்கு 72 அடிகள் என வரையறுத்த களத்தில், குழிக்கு இரண்டாக 36 அடிகள் இம்மட்டைக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. ஆட்டத்தின் பாதி இச்சிறு கருவியின் பொறுப்பு என்பதனை இதனால் உணரலாம்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. மூன்று மீட்டர் தொலைவிலிருந்து குழியின் நடுவை நோக்கி உருட்டும்போது, பந்தின் திசை ஒரு பாகை பிறழ்ந்தால், குழியை அடையுமிடத்தில் அது ஏறத்தாழ ஐந்தேகால் சென்டிமீட்டர் விலகியிருக்கும். குழியின் நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள தொலைவு 5.4 சென்டிமீட்டரே. அதாவது, ஒரு பாகைப் பிழையில் பந்து குழியின் ஓரத்தைத் தொட்டு நிற்கும். ஆறு மீட்டரில் அதே பிழை பத்தரை சென்டிமீட்டராகிவிடும். பந்து குழியைத் தவறவிடும். பந்து புறப்படும் திசையைப் பெரிதும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் மட்டையின் முகம் நோக்கும் திசையே. எனவே அம்முகம் திரும்பாமல் இருப்பதே வடிவமைப்பின் தலையாய சிக்கலாகும்.

வடிவமைப்பு

இச்சிக்கலுக்கு விடைகாண முயன்றவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். இருவரும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணிபுரிந்தவர்கள் என்பது வியப்பான ஒற்றுமை. முதலாமவர் ஆர்தர் நைட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர் அலுமினியத் தலையின் ஓரத்தில் அன்றி நடுப்பகுதியை ஒட்டித் தண்டைப் பொருத்தினார். 1904ஆம் ஆண்டு வால்டர் டிராவிஸ் என்னும் அமெரிக்கர் அம்மட்டையைக் கொண்டு பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றார். 1910இல் பிரிட்டனின் ஆட்ட அமைப்பு அவ்வகை மட்டையைத் தடைசெய்தது. 1951ஆம் ஆண்டின் விதித்திருத்தத்திற்குப் பின்னரே அத்தடை நீங்கிற்று.

இரண்டாமவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911இல் நார்வே நாட்டுப் பெர்கன் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பொறியாளர். நாற்பது வயதைக் கடந்த பின்னரே இவர் இவ்வாட்டத்தைப் பழகினார். பந்தை உருட்டுவது அவருக்குக் கைவரவில்லை. 1959இல் தம் வீட்டு வண்டிக்கொட்டகையில் தாமே ஒரு மட்டையைச் செய்தார். பந்தைத் தொடும்போது அது எழுப்பிய ‘பிங்’ என்னும் ஒலியே பின்னர் அவர்தம் படைப்புகளின் பெயராயிற்று. 1966இல் அவர் ‘ஆன்சர்’ என்னும் மட்டையைப் படைத்தார். அதன் முதல் வரைபடத்தை ஓர் இசைத்தட்டின் உறைமேல் வரைந்தார் என்பர். அதன்பின் வந்த மட்டைகள் பலவற்றிற்கு அவ்வடிவமே முன்மாதிரியாயிற்று.

சோல்ஹைம் கண்ட தீர்வு, எடையைத் தலையின் நடுவிலிருந்து விலக்கி, குதி, நுனி என்னும் இரு ஓரங்களுக்குப் பகிர்ந்தளிப்பதாகும். இதன் பயனை ஓர் எளிய காட்சியால் விளங்கிக்கொள்ளலாம். நீண்ட தடியின் இரு முனைகளிலும் தண்ணீர்க்குடங்களைத் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பவர் சட்டெனத் திரும்ப இயலாது. குடங்கள் அத்திருப்பத்தை எதிர்த்து நிற்கும். அவற்றையே தோளருகில் இழுத்துக் கட்டினால் எளிதில் திரும்பலாம். இவ்வெதிர்ப்பைச் சுழற்சி நிலைமம் என்று இயற்பியலார் கூறுவர். அது தொலைவின் இருபடிக்கு ஏற்ப வளர்வது. நடுவிலிருந்து இரு புறமும் 2 சென்டிமீட்டரில் 150 கிராம் வீதம் வைத்தால், அவ்வெடைகளின் நிலைமம் 1,200 அலகு. அவற்றையே 5 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் 7,500 அலகு. எடை கூடவில்லை, எதிர்ப்பு மட்டும் ஆறு மடங்குக்குமேல் கூடிவிட்டது. இத்தகைய மட்டையில், பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் முகம் அதிகம் திரும்பாது. பந்தின் வேகமும் அதிகம் குறையாது.

சோல்ஹைமின் சிந்தனையில் நாம் போற்றத்தக்கது ஒன்றுண்டு. கை சரியாக இயங்கும்போது எவ்வளவு நன்றாக அடிக்கலாம் என்பதோடு அவர் நிற்கவில்லை. கை தவறும்போது என்ன நேரும் என்று வினவினார். தவறாத கை எதுவும் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு செய்த வடிவமைப்பு அது.

கையுணர்வு

பொதுவாக மட்டைத்தலையின் எடை 330 முதல் 370 கிராம் வரையும், மட்டையின் நீளம் 33 முதல் 35 அங்குலம் வரையும் இருக்கும். ஆயினும் ஒரே எடையும் நீளமும் உடைய இரு மட்டைகள் கைக்கு வெவ்வேறாகத் தோன்றுவதுண்டு. பிடியின் பருமன், தண்டின் விறைப்பு, முகத்தின் மென்மை ஆகியன இதற்குக் காரணங்கள். இவற்றினும் முதன்மையானது ஒலி. கும்பகோணம் கடைத்தெருவில் வெண்கலப் பாத்திரம் வாங்குவோர் அதைத் தட்டிப் பார்த்தே வாங்குவர்; கீறல் உள்ள பாத்திரத்தில் ஒலி மழுங்கும். மட்டையிலும் செவியே பெரும்பாலும் கைக்கு உணர்த்துகிறது. முகத்தில் மென்னெகிழியைப் பதித்தால் ஒலி அடங்குகிறது. ஆடுபவர் அதனை ‘மென்மை’ என்கிறார். காதுகளை அடைத்துக்கொண்டு அதே மட்டையால் உருட்டிப் பார்ப்பவர், ‘உணர்வு’ எனத் தாம் நினைத்ததில் ஒலியின் பங்கு எவ்வளவு என்பதை அறிந்துகொள்வார்.

மட்டையும் பந்தும் தொட்டு நிற்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அவ்வுணர்வு நரம்பின் வழியே மூளையை அடையுமுன் பந்து புறப்பட்டுவிடுகிறது. ஆகவே கையுணர்வு நிகழ்கின்ற அடியைத் திருத்துவதில்லை. அடுத்த அடிக்குப் பாடமாக அமைகிறது. நடுவில் பட்டதையும் ஓரத்தில் பட்டதையும் வேறுபடுத்திக் காட்டும் மட்டையே நல்லாசிரியன். எல்லா அடிகளையும் ஒரேபோல் இனிமையாக உணரச் செய்யும் மட்டை, பிழையை மறைக்கும் நண்பனைப் போன்றது.

செயல்திறன்

அடிபட்ட பந்து முதலில் சிறிது வழுக்கிச் சென்று, பின்னரே உருளத் தொடங்குகிறது. பந்து புல்லில் சற்றே அமிழ்ந்திருப்பதால் அதனைத் தூக்கிவிட முகத்திற்கு இரண்டு முதல் நான்கு பாகை வரை சாய்வு தருவர். சாய்வு மிகுந்தால் பந்து துள்ளும். குறைந்தால் புல்லில் அழுந்தும். சீரான உருளலும், திசை தவறாமையும், ஓரத்தில் பட்டபோதும் தொலைவு குன்றாமையுமே செயல்திறன் எனப்படுவது.

இதனை அறியச் செலவுமிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பின்வரும் சோதனைகள் போதும்.

1. தண்டை ஒரு விரல்மேல் கிடைமட்டமாகச் சமன்செய்க. மட்டையின் முகம் வானை நோக்கினால் அது நேராக ஆட்டுவோர்க்கு ஏற்றது எனவும், நுனி கீழே தொங்கினால் வளைவாக ஆட்டுவோர்க்கு ஏற்றது எனவும் பொதுவாகக் கொள்வர்.

2. முகத்தில் சிறிது பவுடரைப் பூசி உருட்டுக. பந்து பட்ட இடம் தடமாகத் தெரியும். தடங்கள் ஓரிடத்தில் குவிகின்றனவா, சிதறுகின்றனவா என்று காண்க.

3. பத்து மீட்டர் தொலைவை நோக்கி, வேண்டுமென்றே நடுவிலும், குதிப்பக்கமும், நுனிப்பக்கமும் படுமாறு உருட்டுக. பந்து நின்ற இடங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு எம்மட்டையில் குறைவோ, அம்மட்டையே தவறும் கைக்குத் துணையாவது.

4. மூன்று மீட்டரிலிருந்து ஒவ்வொரு மட்டையாலும் இருபது முறை உருட்டுக. மட்டைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துக. விலையும் பெயரும் முன்னரே தெரியாதிருத்தல் நன்று.

நான்காவது சோதனையில் எச்சரிக்கை தேவை. ஒரு மட்டையால் பதினொன்றும், மற்றொன்றால் பதின்மூன்றும் குழியில் விழுந்தால், இரண்டாவதே சிறந்தது எனத் தீர்ப்பளித்தல் கூடாது. ஒரே மட்டையை ஒருவரே இருமுறை சோதித்தாலும் அவ்வளவு ஏற்றத்தாழ்வு தற்செயலாகவே நிகழும். வேறு வேறு நாட்களில் திரும்பத் திரும்பச் செய்தும் மாறாமல் நிற்கும் வேறுபாட்டையே உண்மை என்று கொள்ளுதல் வேண்டும்.

மூன்றும் முரண்படும்போது

கண்ணுக்கு அழகிய மட்டை கைக்குப் பொருந்தாதிருக்கலாம். கைக்கு இனிய மட்டை குழியைத் தவறவிடலாம். அப்போது எதனை நம்புவது? வடிவமைப்பு காரணத்தைக் கூறும். கையுணர்வு சாட்சி சொல்லும். செயல்திறனே தீர்ப்பு வழங்கும். சாட்சியைக் கேளாமல் தீர்ப்பளிப்பதும் முறையன்று. சாட்சியையே நடுவராக அமர்த்துவதும் முறையன்று. கைக்கு இசையாத மட்டையை நம்பி எவரும் நெடுநாள் ஆட இயலாது என்பதும் உண்மை. ஆதலின், சோதனையில் ஒத்து நிற்கும் மட்டைகளுள் கைக்கு இனியதைத் தேர்வதே அறிவுடைமை.

சுவாமிமலைக் கலைஞரின் பட்டறையிலும் இம்மூன்றும் உண்டு. ஒடியோலை அளவைக் காக்கிறது. விரல் மெழுகின் நயத்தை அறிகிறது. அச்சை உடைக்கும் நாளே தீர்ப்பு நாள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்க்கு அச்சு ஒன்றே. வார்ப்பில் நேர்ந்த பெருங்குறையை அவ்வச்சைக் கொண்டு மீண்டும் வார்த்துத் திருத்த இயலாது. எனவே பிழையைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் அவருடைய பயிற்சியின்மேல் விழுகிறது. உருட்டுமட்டையிலோ அப்பொறுப்பின் ஒரு பகுதியைக் கருவி ஏற்றுக்கொள்கிறது. ஒரே மெழுகு, ஒரே நெருப்பு. ஒன்று தவறாத கையை உருவாக்குகிறது, மற்றொன்று தவறும் கைக்கு இடம் தருகிறது. மனித முயற்சிக்கு இவ்விரண்டும் தேவையானவையே.

முடிவுரை

மாணவர்கள் நாளை வாங்கப்போகும் கருவிகள் பல; வடிவமைக்கப்போகும் கருவிகளும் பல. விளம்பரம் ஒவ்வொன்றையும் மிகச் சிறந்தது என்றே கூறும். அவ்வேளையில், இஃது எக்காரணத்தால் சிறந்தது, என் கைக்கு எவ்வாறு தோன்றுகிறது, என் கை தவறும்போது என்ன செய்கிறது என்னும் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் நன்று. அவற்றுள் மூன்றாவதே பலராலும் கேட்கப்படாதது. கருவியின் உண்மைத் தரம் அதற்கான விடையிலேயே அடங்கியுள்ளது.