சிமெண்ட் சாக்கில் அரைக்கீரை

சிவில் மாணவன் கீரையைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். போன வருடம் எங்கள் அம்மாவுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "கீரையும் நிறைய சேத்துக்குங்கம்மா" என்றார். தியாகதுருகத்தில் கீரைக்கா பஞ்சம் என்பீர்கள். மழை பிடித்துவிட்டால் வாங்கும் கட்டில் பாதி அழுகல். சரி, நாமே போடுவோம் என்று மொட்டை மாடியில் இரண்டு காலி சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி அரைக்கீரை விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை!

தப்பு என்னுடையதுதான். அவரைக்கொட்டை ஊன்றுவது மாதிரி ஒரு அங்குல ஆழத்தில் புதைத்துவிட்டேன். கீரை விதை கடுகைவிடச் சின்னது. அவ்வளவு மண்ணையும் தள்ளிக்கொண்டு மேலே வர அதற்குள் இருக்கும் உணவு போதாது. மேலாக விழுந்த கொஞ்சநஞ்சத்தையும் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மறுபடி போட்டபோது சாக்கை நன்றாக அலசினேன். சிமெண்டின் காரம் வேருக்கு ஆகாது என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? அடியில் ஆணியால் பத்து ஓட்டை. செம்மண், மணல், மக்கிய சாண எரு சம பங்கு. ஒரு ஸ்பூன் விதையை ஒரு கை மணலோடு கலந்து பரவலாகத் தூவி, மேலே மணலைச் சும்மா சலித்துவிட்டேன். சாக்கைச் சுற்றி அரிசி மாவு போட்டதும் எறும்பு அதோடு நின்றுகொண்டது. பூவாளியில்தான் தண்ணீர், குடத்தால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். நாலாம் நாள் முளை தெரிந்தது.

இதில் முக்கியமானது அறுப்புதான். வேரோடு பிடுங்கினால் ஒரு குழம்போடு சரி. 25-ஆம் நாள் வாக்கில் இரண்டு அங்குலம் விட்டு மேலே வெட்டினால், இலைக்கணுவில் தூங்கும் மொட்டுகள் விழித்துப் பக்கக் கிளை விடும். அப்புறம் வாரம் பத்து நாளுக்கு ஒரு தரம் வெட்டலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் இப்படிக் கிள்ளி எடுப்பதற்கென்றே கோ.3 ரகக் கீரையை வெளியிட்டிருக்கிறது. யூரியா போட்டால் தளதளவென்று வரும்; அளவு மிஞ்சினால் இலையில் நைட்ரேட் சேரும். எனக்கு எருவே போதும்.

பெரிய ஓட்டல்களில் அருகுலா என்று ஒரு இலையைப் பச்சையாகவே தருகிறார்கள். கடுகுக் குடும்பம். ராஜஸ்தானில் தாராமிரா என்ற பேரில் குளிர்காலத்தில் எண்ணெய்க்காகப் பயிராவதும் அதுவே. நம்ம சித்திரை வெயிலில் அது சீக்கிரம் பூத்துக் கசந்துவிடும். அரைக்கீரைக்கு அந்த வெயில்தான் தெம்பு.

கீரையோடு எலுமிச்சை சேர்ப்பது நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. அம்மாவிடம் அந்த டீயை நிறுத்துவதுதான் பெரும்பாடு. மாத்திரையும் டாக்டர் சொன்னபடி நடக்கிறது.

இரண்டு செடியை மட்டும் பூக்க விட்டு, விதை உதிர்த்துச் சாம்பலில் கலந்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் மூன்றாமாண்டு சிவில் வகுப்புக்கு வந்து கேளுங்கள். பொட்டலம் கட்டித் தருகிறேன்.