பற்றரியும் வாயுக் குழாயும்

இலங்கையில் பரவலாகப் புழங்கும் டொயோட்டா பிரியஸ் கார்கள் பலவற்றில் 12 வோல்ற் பற்றரி பின்புறத்தே, வாகனத்தின் உள்ளேயே அமைந்துள்ளது. மின்னேற்றம் மிகையாகும்போது பற்றரி நீர் பகுபட்டு ஐதரசனும் ஒட்சிசனும் வெளிப்படும். காற்றில் ஐதரசன் 4 சதவீதத்தை எட்டினால், தீப்பற்றச் சிறுபொறியே போதும். இவ்வாயுவை மெல்லிய குழாயொன்று வெளியேற்றுகின்றது. 'மூடிய' பற்றரிக்கும் குழாய் அவசியம். அழுத்தம் மிகும்போது அதன் வால்வும் திறக்கும்.

2020இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 வரை நீடித்தது. கல்முனைக் கரையோரத்திலும் பழைய வாகனங்களே, பற்றரி மாற்றப்பட்டு, தொடர்ந்து உழைத்தன. வாயுவாயில் இல்லாத மலிவுப் பற்றரியில் குழாய் பயனற்றுத் தொங்கும். இதனை ஓட்டுநரின் அசட்டை எனக் கொள்வது பொருந்தாது. தடையும் விலையேற்றமுமே அவரது தெரிவைக் குறுக்கின. எனினும் குழாய் இணைந்துள்ளதா, நசுங்காது வெளியே செல்கின்றதா, மறுபக்க வாயில் அடைக்கப்பட்டுள்ளதா என்பன ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நோக்கப்படல் வேண்டும்.