நிதியுதவி கேட்கும் முன் டிரஸ்ட் பத்திரத்தைப் பாருங்கள்

நம் ஊர்களில் கல்வி அறக்கட்டளை நடத்தும் சகோதரர்கள் பலர், பெரிய நிறுவனங்களின் சிஎஸ்ஆர் நிதிக்கு விண்ணப்பித்து ஏமாந்து போகிறார்கள். பல நேரம் குறை விண்ணப்பத்தில் இல்லை. டிரஸ்ட் பத்திரத்தில் இருக்கிறது.

இந்த நிதியைப் பெற 12ஏ, 80ஜி பதிவுகளும், 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் கட்டாயம். அதே வகைப் பணியில் 3 ஆண்டு அனுபவமும் வேண்டும். 'முஸ்லிம்களின் நலனுக்காக' என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் 80ஜி கிடைக்காது.

புதிதாகத் தொடங்குவோர் 'சாதி, மத வேறுபாடின்றி' என்றே எழுதுங்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் ஆடிட்டரிடம் பத்திரத்தைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். ஜகாத்துக்கு உரியவர்களைத் திருக்குர்ஆன் (9:60) வரையறுத்துள்ளதால், அந்தப் பணத்தை இதனுடன் கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். இரண்டுமே அமானிதம்.